திக்குவாயும் உடலியக்கமும்

(ஆண்டு விழாப் போட்டிகளுக்கு முன் நடைபெற்ற திங்கட் கூட்டத்தில் நம் சங்கப் பொருளாளர் ஆற்றிய உரை. பேச்சின் இடையே நேர்ந்த நிறுத்தங்கள் அச்சில் காட்டப்படவில்லை.)

 

இம்மேடையில் யாம் நின்று பேசுவது இதுவே முதன்முறை. இக்காலனிக்கு வந்து முப்பத்தோர் ஆண்டுகள் ஆயின. விழாக்கள்தோறும் பந்தற்கால் நட்டோம்; நாற்காலி அடுக்கினோம்; பதினான்கு ஆண்டுகளாகப் பொருளாளராய் இருந்து கணக்கு எழுதி வருகிறோம். ஆயினும் அக்கணக்கை ஆண்டுதோறும் இங்கே படிப்பவர் வேறொருவர். தொண்டை கட்டிவிட்டது என்றோம் ஒருமுறை. மூக்குக்கண்ணாடியை மறந்து வந்தோம் என்றோம் மற்றொரு முறை. உண்மைக் காரணம் உங்களுள் பலர்க்குத் தெரியும். தெரிந்தும் கேளாதிருந்தது உங்கள் பெருந்தன்மை. யாம் திக்குவாயர். இன்றும் திக்கித்தான் பேசப் போகிறோம். அரைமணியில் முடிய வேண்டிய பேச்சு ஒரு மணிநேரம் ஆகலாம்; சிற்றுண்டி ஆறிவிடாதபடி சமையற்கூடத்தாரிடம் முன்னரே சொல்லி வைத்திருக்கிறோம்.

இத்தனை ஆண்டு வாய் திறவாதவர் இப்போது ஏன் பேச வந்தார் என்று நீங்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு விழாவில் நடந்ததே காரணம். சிறுவர்க்கான ஒப்பித்தல் போட்டியில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மேடையேறினான். அவன் பெயர் இங்கே வேண்டா. பாடலின் முதற்சொல்லுக்கு வாய் திறந்தான், ஒலி எழவில்லை. கண்கள் இறுகின, கழுத்து நரம்பு புடைத்தது, வலக்கை தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தது. நாம் நல்லெண்ணத்தோடுதான் கை தட்டினோம். அது அவனுக்கு உதவவில்லை. மூன்று நிமிடம் ஆயிற்றென்று மணி அடித்தது. ஒரு சொல்லும் சொல்லாமல் இறங்கிப் போனான். அவனே ஒருமணி நேரம் கழித்துச் சிறுவர் குழுவோடு நின்று வாழ்த்துப் பாடியபோது, அக்குழுவில் தெளிவாகக் கேட்ட குரல் அவனுடையது. எமக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர், “பாட்டில் வருகிற சொல் பேச்சில் மட்டும் வராதா? எல்லாம் பிடிவாதம்; செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்” என்றார். அச்சிறுவனின் தாயார் இரண்டு நாற்காலிக்கு அப்பால் அமர்ந்திருந்தார்.

அதற்குப்பின் அச்சிறுவன் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரவில்லை. விசாரித்தபோது, “வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழி சேர்ந்ததால்தான் நாக்குக் குழம்பிவிட்டது, தமிழை நிறுத்திப் பாருங்கள்” என்று யாரோ கூறினாராம். பெற்றோர் அஞ்சி, வீட்டிலும் தமிழ் பேசுவதைக் குறைத்துக்கொண்டனர்.

பின்வரிசையில் எழுந்த வினா தவறான நோக்கத்தோடு எழுந்ததாயினும் வினா நல்ல வினாவே. பாடும்போது வருவது பேசும்போது ஏன் வருவதில்லை? எம் இளமை முதல் இவ்வினா எம்மைத் துரத்தி வந்தது. யாம் மருத்துவர் அல்லேம். ஆலையில் கருவிப் பிரிவில் பணியாற்றியவர். ஆயினும் இத்துறையில் அறிஞர் எழுதியவற்றை இயன்றவரை படித்திருக்கிறோம்.

பேச்சு என்பது எண்ணம் மட்டும் அன்று. அது உடலின் வினை. இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றே ஓர் இயல் உண்டு. உந்தியிலிருந்து எழும் காற்றுத் தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளின் தொழிலால் வெவ்வேறு ஒலியாகப் பிறப்பதை அவ்வியல் விளக்கும். அதனினும் எமக்கு வியப்பளிப்பது மாத்திரைக் கணக்கு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அந்த ஒரு மாத்திரைக்கு அளவு என்ன? இயல்பாகக் கண் இமைக்கும் பொழுது. அல்லது விரல் நொடிக்கும் பொழுது. இவ்வூரார் ‘சுட்கி’ என்று சொல்வதும் அந்த விரல் நொடிதான். நாவின் இயக்கத்தை அளக்க விரலின் இயக்கத்தைக் கோலாக எடுத்துக்கொண்டனர் நம் இலக்கணத்தார். அவர்கள் திக்குவாயைப் பற்றி ஆராய்ந்தார்கள் என்று யாம் வலிந்து பொருள் கொள்ளவில்லை. பேச்சில் உறுப்பு ஒன்று, காலம் மற்றொன்று என்னும் இரண்டையும் அவர்கள் தனித்தனியே கண்டனர் என்பதே யாம் சொல்ல வந்தது. திக்குவாயில் உறுப்புக்குக் குறைவில்லை, காலத்தில்தான் இடறுகிறது.

‘அப்பா’ என்னும் எளிய சொல்லை எடுத்துக்கொள்வோம். அகரம் ஒலிக்கும்போது குரல்நாண்கள் அதிர்கின்றன. அடுத்த கணம் இதழ்கள் மூடவேண்டும். அதே பொழுதில் குரல்நாண்கள் அதிர்வை நிறுத்தி விலகவேண்டும். பிறகு இதழ்கள் திறக்கவேண்டும். திறந்தவுடன், விநாடியின் நூற்றில் சில பங்கு நேரத்திற்குள், நாண்கள் மீண்டும் அதிரத் தொடங்கவேண்டும். இவ்வளவும் நிகழும்போது நெஞ்சுக்கூடு காற்றை அளவாக வெளியே விட்டுக்கொண்டிருக்கவேண்டும். நாம் சாதாரணமாகப் பேசும்போது ஒரு விநாடிக்கு நாலைந்து அசைகளை இவ்வாறு அமைக்கிறோம். நெஞ்சு, மிடறு, தாடை, நா, இதழ் ஆகியவற்றின் பற்பல தசைகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து இயங்குகின்றன. மனிதன் செய்யும் உடற்செயல்களுள் இதனைவிட நுட்பமானவை மிகச் சிலவே.

நம்முள் பலர் ரோலிங் மில்லில் பணிபுரிபவர்கள். அவர்கட்கு இதனை விளக்குவது எளிது. செந்தழலாய்ச் சிவந்த இரும்பு, வரிசையாக நிற்கும் ஸ்டாண்டுகளினூடே ஓடுகிறது. ஒவ்வொரு ஸ்டாண்டிலும் அது மெலிந்து நீள்வதால், அடுத்த ஸ்டாண்டு அதற்கேற்ப விரைந்து சுழலவேண்டும். அவ்விசைவு சிறிது பிசகினால் கம்பி பாம்புபோல் சுருண்டு மேலே எழுகிறது, “காபிள்! காபிள்!” என்று கத்திக்கொண்டு அனைவரும் விலகி ஓடுகிறோம். பிறகு போய்ப் பார்த்தால் உருளையும் பழுதில்லை, மோட்டாரும் பழுதில்லை. எப்போது, எவ்வளவு விரைவில் என்னும் கட்டளையில்தான் பிசகு நேர்ந்திருக்கும். எம் வாயில் நாள்தோறும் நிகழ்வது இந்தக் காபிள்தான்.

இதனை அறியாமல் உறுப்பையே குற்றம் சாட்டியவர் எத்தனை பேர்! எம் பாட்டியார் வசம்பை உரசி நாவில் தடவினார். நாக்கு விறுவிறுத்தது, சொல் வரவில்லை. பள்ளியில் ஆசிரியர் ஒருவர் கிரேக்க நாட்டு டெமாஸ்தனிசின் கதையைக் கேட்டுவிட்டு எம் வாயில் கூழாங்கற்களை இடச்செய்தார், கற்களோடும் திக்கினோம். ஆயினும் யாம் பேறு பெற்றவர்களே. 1841ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் டீஃபன்பாக் என்பவர் திக்குவாயைப் போக்குவதாகக் கருதி நாவின் அடிப்பகுதியில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார். மயக்க மருந்து வழக்கத்திற்கு வராத காலம் அது. ஐரோப்பாவில் வேறு சிலரும் அவரைப் பின்பற்றினர். குருதி கொட்டியதேயன்றித் திக்கல் தீரவில்லை. அம்முறையும் விரைவில் கைவிடப்பட்டது.

நாவை விட்டவர்கள் அடுத்துக் கையைப் பற்றினர். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1920களிலும் 30களிலும், மூளையின் இரு பாதிகளுள் ஒன்று மற்றதை ஆளாமையால் திக்கல் பிறக்கிறது, இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையை வலக்கைக்கு மாற்றுவதும் ஒரு காரணம் என்னும் கொள்கை ஓங்கியிருந்தது. அங்கே பயின்ற வெண்டல் ஜான்சன் தாமே திக்குவாயர். இடக்கையைப் பழக்கிக்கொள்ளும் பொருட்டு வலக்கைக்குப் பாரிஸ் சாந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தார். பயனில்லை. பின்னர் அவர் நேர்மாறான முடிவுக்கு வந்தார்: திக்கல் குழந்தையின் வாயில் தொடங்குவதில்லை, பெற்றோரின் காதில் தொடங்குகிறது, இயல்பான தடுமாற்றத்தைக் குறையென்று சொல்லிச் சொல்லியே அதனைக் குறையாக்குகிறார்கள் என்றார். இதனைச் சோதிக்க 1939இல் அவர் மேற்பார்வையில் மாணவி ஒருவர் டேவன்போர்ட் நகரின் அநாதை விடுதியில் 22 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தினார். நன்றாகப் பேசிய பிள்ளைகள் சிலரிடமும் “உன் பேச்சில் குறை இருக்கிறது” என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அவர்கள் திக்குவாயர் ஆனதாக நிறுவப்படவில்லை. ஆனால் பேச அஞ்சி ஒடுங்கிப் போயினர். 2001ஆம் ஆண்டில் இச்செய்தி நாளிதழில் வெளியான பின்னரே பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்தது. 2007இல் அயோவா மாநிலம் இழப்பீடு தந்தது. பெற்றோரைக் குற்றம் சாட்டும் அக்கருத்து மட்டும் அயோவாவிலேயே நின்றுவிடாமல் நம் அரங்கின் பின்வரிசை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இன்றைய அறிஞர் கூறுவது வேறு. திக்கல் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள், பிள்ளை சொற்களைக் கோத்து வாக்கியம் அமைக்கத் தொடங்கும் பருவத்தில் தோன்றுகிறது. நூறு குழந்தைகளுள் ஏறத்தாழ ஐவர்க்கு இது ஏதோ ஒரு பொழுதில் வருகிறது. அவருள் பெரும்பாலார்க்குத் தானே நீங்கிவிடுகிறது. வளர்ந்தோருள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் திக்குகின்றனர். அவருள் ஆண்களே மிகுதி, பெண்களைப்போல் நான்கு மடங்கு. இது குடிவழியாகவும் வருகிறது. 2010இல் அமெரிக்க ஆய்வாளர் டென்னிஸ் டிரேனாவும் துணைவர்களும் பாகிஸ்தானியக் குடும்பம் ஒன்றை ஆராய்ந்து, திக்கலோடு தொடர்புடைய மரபணு மாற்றத்தைக் கண்டறிந்தனர். உயிரணுவினுள் கழிவை அகற்றும் தொழிலோடு தொடர்புடைய மரபணு அது. எல்லாத் திக்குவாயர்க்கும் அம்மாற்றம் இல்லை, சிலர்க்கே உண்டு. பின்னர் அதே மாற்றத்தை எலிக்குஞ்சுகளுக்கு ஏற்றிப் பார்த்தபோது, அவை கீச்சிடும் ஒலிகளின் இடையே நீண்ட நிறுத்தங்கள் விழுந்தன. எலிக்குஞ்சைச் செல்லம் கொடுத்துக் கெடுத்தவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

மூளையைப் படமெடுத்தவர்கள் கண்டது மேலும் தெளிவானது. 2002இல் செருமானிய ஆய்வாளர்கள், திக்குவோர் மூளையின் இடப்பக்கத்தில், வாய், நா, மிடறு ஆகியவற்றை இயக்கும் பகுதியின் அடியில் செல்லும் நரம்பிழைகளின் ஒழுங்கு குறைந்திருப்பதைக் காட்டினர். செவியும் திட்டமும் தசையும் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் பாதை அது. பேசும்போது வலப்பக்கம் வழக்கத்தைவிட மிகுதியாக உழைப்பதும் பல ஆய்வுகளில் காணப்பட்டது. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆன் ஸ்மித் என்பவரும் துணைவர்களும் இதழ்களின் அசைவை நுட்பமாக அளந்தனர். திக்காமல் சொன்ன வாக்கியங்களிலும் திக்குவோரின் இதழசைவு ஒருமுறை போல் மறுமுறை அமைவதில்லை. வாக்கியம் நீண்டு சிக்கலாகும்போது இந்த மாறுபாடு மேலும் மிகுகிறது. எம் சொல் தடையின்றி வெளிவரும்போதும் உள்ளே பாலம் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது என்பது இதனால் புலனாகும்.

அதே பல்கலைக்கழகத்தில் 2010இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வில் பேச்சே இல்லை. நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளைச் சீராகக் கை தட்டச் சொன்னார்கள். முதலில் கருவியின் தட்டோசையோடு; பிறகு அவ்வோசையை நிறுத்திவிட்டுத் தாமாகவே. திக்கும் குழந்தைகளுள் எல்லாரும் அல்லர், ஒரு பகுதியினர் தட்டிய இடைவெளிகள் மற்றக் குழந்தைகளின் இடைவெளிகளைவிடச் சீர் குலைந்திருந்தன. நாவைப் பற்றிய குறை என்று நாம் நினைத்தது கையிலும் தென்பட்டது. கண்ணிமையையும் விரல் நொடியையும் கொண்டு ஒலியை அளந்த நம் இலக்கணத்தாரை இவ்வாய்வைப் படித்த இரவில் யாம் நினைத்துக்கொண்டோம்.

மூளையின் ஆழத்தில் பேசல் கேங்ளியா என்று மருத்துவர் வழங்கும் நரம்பணுத் திரள்கள் உள்ளன. பழகிய செயல் ஒன்றை நாமாகவே தொடங்கும்போது, ‘இப்போது அடுத்தது’ என்று காலம் பார்த்துக் குறிப்புத் தருவதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. பார்க்கின்சன் நோயில் பழுதுறுவது இப்பகுதியே. அந்நோயாளர் சிலர் நடக்க எண்ணியும் காலை எடுக்க இயலாமல் நிலத்தில் ஒட்டியவர் போல் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அவர் முன்னே தரையில் குறுக்குக் கோடுகள் இட்டால், கோட்டுக்குக் கோடு தாண்டி நடந்துவிடுவார். கால் அதே கால்தான். உள்ளிருந்து வரவேண்டிய குறிப்பு வராதபோது வெளியிலிருந்து வந்த குறிப்பு உதவியது. உள்ளிருந்து தொடங்கும் இயக்கத்திற்கு ஒரு வழியும், வெளிக்குறிப்பைப் பற்றிச் செல்லும் இயக்கத்திற்கு மற்றொரு வழியும் மூளையில் உண்டு. திக்குவாயில் தளர்ந்திருப்பது முன்னதே என்று சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர் ஆல்ம் 2004இல் விளக்கினார். இது முற்ற முடிந்த முடிபு அன்று. ஆயினும் திக்கல் வாக்கியத்தின் முதற்சொல்லிலேயே மிகுதியாக நேர்வதற்கும், எம் வாழ்வில் யாம் கண்டவற்றுக்கும் இதனைப்போல் பொருந்தும் விளக்கம் வேறில்லை.

இனி அந்தப் பின்வரிசை வினாவுக்கு விடை சொல்லலாம். பாட்டில் தாளம் வெளியிலிருந்து வருகிறது. சொல் முன்னரே மனப்பாடமானது. எப்போது தொடங்குவது என்று நாம் தேர வேண்டுவதில்லை. மெட்டே அதைச் சொல்லிவிடுகிறது. பக்கத்தில் நிற்பவர் குரலும் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. உயிரொலிகள் நீள்வதால் குரல் அடிக்கடி நின்று நின்று தொடங்கவேண்டிய தேவையும் குறைகிறது. பாடினால் மட்டும் அன்று, பலரோடு சேர்ந்து ஒரே உரையைப் படித்தாலும் திக்கல் ஏறக்குறைய முற்றும் மறைந்துவிடும். தொடக்கப் பள்ளியில் வகுப்பே சேர்ந்து வாய்பாடு சொல்லும்போது எமக்குத் தடையே இருந்ததில்லை. “நீ மட்டும் எழுந்து சொல்” என்றவுடன் பதினாறாம் வாய்பாட்டின் முதலடியிலேயே நின்றுவிடுவோம். கூட்டத்தில் வாயசைத்து ஏமாற்றினான் என்று அடியும் வாங்கினோம். ஏமாற்றவில்லை, அன்பர்களே. கூட்டத்தில் வேறொரு வழி திறந்திருந்தது. தனித்து நின்றபோது அது மூடிவிட்டது. சென்ற ஆண்டு அச்சிறுவனுக்கு நேர்ந்ததும் இதுவே. தொடையைத் தட்டிய அவன் கை, தாளம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது.

அப்படியானால் எப்போதும் தாளத்தோடே பேசினால் என்ன என்று கேட்பீர்கள். யாம் செய்து பார்த்திருக்கிறோம். மெட்ரோனோம் என்னும் கருவியின் தட்டுக்கு ஓர் அசை வீதம் பேசினால் திக்கல் வெகுவாகக் குறையும். ஆனால் கடைக்காரரிடம் அவ்வாறு வெண்டைக்காய் கேட்டுப் பாருங்கள். நாள் செல்லச் செல்ல அதன் பயனும் தேய்கிறது. தம் குரலே சற்றுத் தாமதித்துத் தம் காதில் விழுமாறு செய்யும் கருவியும் உண்டு. நன்றாகப் பேசுவோர் அதனை மாட்டிக்கொண்டால் அவர்கள் திக்கத் தொடங்குவதை அமெரிக்கப் பொறியாளர் பெர்னார்ட் லீ 1950இல் கண்டு எழுதினார். திக்குவோர் சிலர்க்கோ அது நேர்மாறாக உதவுகிறது. டோப்பமின் என்னும் நரம்பு வேதிப்பொருளை அடக்கும் மருந்துகளால் சிலர்க்குத் திக்கல் தணிவதுண்டு. அவற்றின் தீய விளைவுகளை எண்ணி மருத்துவர் தயங்குகின்றனர்.

யாம் இதுவரை சொன்னதற்கு எதிரான ஒரு சான்றை மறைத்தல் முறையன்று. திக்குவோர் தனித்திருந்து தமக்குத்தாமே பேசும்போது திக்குவதில்லை. 2021இல் வெளியான நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வொன்றில், எவரும் கேட்கவில்லை என்று நம்பித் தமக்குள் உரக்கப் பேசிய 24 பேரிடம் திக்கல் ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. இயக்கத்தில்தான் இடர் என்றால் தனிமையில் மட்டும் அது எங்கே போகிறது? அகவே, இது வெறும் அச்சமே என்று சிலர் சொல்லக்கூடும். தரையில் கிடக்கும் பலகைமீது எவரும் நடப்பர். அதே பலகையை இரண்டு மாடிகளுக்கிடையே வைத்தால், நடையில் சிறு தளர்ச்சி உள்ளவர் உடனே இடறுவர். உறுதியான நடையுடையார் வியர்த்தாலும் கடந்துவிடுவர். உயரம் தளர்ச்சியை உண்டாக்கவில்லை. இருந்த தளர்ச்சியை வெளிக்காட்டியது. கேட்பவர் இருப்பதும், அவர் முகம் சுளிப்பதும், மணியோசைக்குக் காத்திருப்பதும் எமக்கு அந்த உயரங்கள். தொலைபேசியில் எம் பெயரைச் சொல்லும்போது நிற்பதுபோல் வேறெங்கும் யாம் நிற்பதில்லை. மற்றச் சொல் வராவிடில் ஒத்த பொருளுடைய வேறு சொல்லை இடுவோம். பெயருக்கு மாற்றுச் சொல் இல்லையே! ஒருமுறை அஞ்சி வேறு பெயரைச் சொல்லிவிட்டோம்; அப்பெயருக்கே எரிவாயு உருளை பதிவாகி வந்தது.

மொழிகளைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். நம் காலனிக் குழந்தைகள் மூன்று மொழி பேசுவது உண்மை. பல மொழி பேசுவதால் திக்கல் பிறக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஒரே மொழி பேசும் நாடுகளிலும் திக்குவோர் இருக்கின்றனர். நம் நாட்டிலோ பல மொழி பேசிப் பழகியோர் கோடிக்கணக்கானோர் தடையின்றிப் பேசுகின்றனர். புதிதாகக் கற்கும் மொழியில் சொல்லைத் தேடித் தயங்குவதைத் திக்கல் என்று மயங்குதலும் உண்டு. தமிழை நிறுத்தினால் நாவின் காலக்கணக்குச் சீர்ப்படாது. தாத்தாவோடும் பாட்டியோடும் அப்பிள்ளை பேசும் பேச்சு மட்டும் நின்றுபோகும். ஏற்கெனவே பேசத் தயங்கும் பிள்ளைக்குப் பேசுவதற்கு உரிய மனிதரையும் குறைத்தல் என்ன மருத்துவம்?

செய்யத்தக்கவை உண்டு. திக்கல் தொடங்கி ஆறு திங்களுக்கு மேல் நீடித்தாலும், குடும்பத்தில் பிறர்க்கு இருந்தாலும், பிள்ளை பேச முயன்று முகம் இறுகினாலும், பேச்சுப் பயிற்சி வல்லுநரிடம் காட்டவேண்டும். தானே போய்விடும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருத்தல் நன்றன்று. பள்ளிப் பருவத்திற்கு முன்னரே தொடங்கினால் பயன் மிகுதி. ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம் முறையில் வல்லுநரின் வழிகாட்டலோடு தாய் தந்தையரே வீட்டில் பயிற்சி அளிக்கின்றனர். திக்காத பேச்சை உடனுக்குடன் பாராட்டுவது அதன் உயிர்நாடி. நம் நாட்டில் மைசூரில் 1965 முதல் இயங்கிவரும் அனைத்திந்தியப் பேச்சு செவி நிறுவனத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். விடுமுறைக்கு ஊர் செல்வோர்க்கு அது எட்டாத தொலைவன்று. வயது முதிர்ந்த எம் போன்றார்க்கு முழுதும் நீங்குதல் அரிது. ஆயினும் இறுக்கமின்றித் திக்கக் கற்கலாம். தாமும் திக்குவாயராயிருந்த அமெரிக்கப் பேராசிரியர் சார்ல்ஸ் வான் ரைப்பர் வாழ்நாளெல்லாம் கற்பித்தது அதுவே. திக்கலைச் சொல்லின் காலவொழுங்கு குலைதல் என்று அவர் கண்டதும் இங்கே நினைக்கத்தக்கது.

“மெதுவாகப் பேசு, மூச்சை இழுத்துவிடு, பதறாதே” என்று எமக்குச் சொல்லாதவர் இல்லை. அன்பால் சொல்கிறார்கள். ஆனால் தானே ஓடவேண்டிய இயக்கத்தை ஒவ்வொரு அடியாகக் கண்காணிக்கச் சொல்வதால் இறுக்கமே மிகுகிறது. மாடிப்படி இறங்குகையில் எந்தக் காலை எப்போது மடக்குகிறோம் என்று எண்ணிக்கொண்டே இறங்கிப் பாருங்கள். எம் சொல்லை நீங்கள் முடித்து வைப்பதும் வேண்டா. பல முறை நீங்கள் முடித்தது யாம் சொல்ல வந்த சொல்லாக இருப்பதில்லை, மரியாதைக்காக அதனையே ஏற்றுக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறோம். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். வேறொன்றும் வேண்டா.

1957இல் கேரள மாநிலத்தின் முதல் முதலமைச்சரான ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் திக்குவாயர். “தாங்கள் எப்போதும் திக்குவீர்களா?” என்று ஒருவர் கேட்க, “இல்லை, பேசும்போது மட்டும்தான்” என்று அவர் விடையிறுத்ததாகச் சொல்வார்கள். இந்த விடையைச் சொல்ல எமக்கு அறுபது வயதாயிற்று.

போட்டிகளைப் பற்றிச் செயற்குழுவோடு பேசினோம். ஒப்பித்தல் போட்டியில் இவ்வாண்டு மணி இல்லை. நடுவர் தம் கையில் நேரம் பார்த்துக்கொள்வார். நேரத்திற்கென்று இருந்த ஐந்து மதிப்பெண்ணும் நீக்கப்பட்டது. விரும்பும் பிள்ளை, தோழன் ஒருவனோடு சேர்ந்து நின்று ஒப்பிக்கலாம்; தனியே ஒப்பிக்க விரும்பினால் அரங்கு அமைதியாக இருக்கவேண்டும், இடையில் எவரும் கை தட்டவேண்டா. இதற்கு மறுப்புச் சொன்ன இருவரும் எம் நண்பர்கள். எல்லார்க்கும் ஒரே விதி வேண்டாவா என்று கேட்டனர். ஒரே விதிதான், எல்லாப் பிள்ளைகளுக்கும் மணி இல்லை என்று சொன்னோம்.

அச்சிறுவனின் பெற்றோர் இரண்டு வாரமாக அவனைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புகின்றனர். போட்டியில் சேர்வதும் சேராதிருப்பதும் அவன் விருப்பம். அவனை யாரும் தூண்டவும் வேண்டா, தடுக்கவும் வேண்டா. பெயர் கொடுக்க வரும் ஞாயிறு கடைசி நாள். படிவங்கள் செயலாளரிடம் இருக்கின்றன.

இவ்வாண்டுக் கணக்கறிக்கை நான்கு பக்கம் வருகிறது. அதனை யாமே படிக்கிறோம்.